மலாயாத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களின் ஓய்வு நாளும் வெளிப்பயணமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஆள்சேர்ப்பு முறை, கூலி, தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், தாய்மொழிக் கல்வி ஆகியவற்றையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ளனர். இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், வாரத்தில் ஆறு நாள் பால்மரக் காட்டில் உழைத்த ஒரு குடும்பம் ஏழாம் நாளில் என்ன செய்தது, எங்கே சென்றது, யாருடைய அனுமதியோடு சென்றது என்னும் வினாக்கள் ஆய்வுக்குரியனவாகவே கருதப்படவில்லை. இக்கட்டுரையாளரும் இக்குறைக்கு விலக்கல்லர். முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் இலாகா அறிக்கைகளைப் படித்துக் கழித்த ஆண்டுகளில் இவ்வினா எனக்குத் தோன்றியதே இல்லை. நாடு திரும்பிய பின், காலஞ்சென்ற பாட்டியின் தகரப் பெட்டியில் கிடைத்த ஒரு நிழற்படமே இதனை எழுப்பியது. கிள்ளான் பட்டணத்து நிழற்பட நிலையம் ஒன்றில் எடுக்கப்பட்ட படம் அது. தீட்டப்பட்ட பூங்காத் திரைக்கு முன் தாத்தாவும் நான்கு பிள்ளைகளும் விறைப்பாக நிற்கின்றனர். பின்புறத்தில் 1958 என்று பென்சிலால் எழுதப்பட்டுள்ளது. இப்படத்திற்குப் பின்னர் மீள்வோம்.

குடும்பம் உருவான காலம்

குடும்பத்தின் வெளிப்பயணத்தைப் பற்றிப் பேசுமுன் குடும்பம் என்று ஒன்று இருக்க வேண்டும். மலாயாவைப் பொறுத்தவரையில் இது சாதாரணக் கூற்றன்று. 1901ஆம் ஆண்டில் இந்நாட்டு இந்தியருள் ஆயிரம் ஆடவருக்கு ஏறத்தாழ 170 பெண்டிரே இருந்தனர். கங்காணி முறை வேரூன்றி, 1907இல் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டு, 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்ட பின்னரே பெண்டிர் வருகை பெருகியது. 1931இல் இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 480 ஆக உயர்ந்தது. அப்போதும் ஆடவருள் ஒரு பாதியினர்க்குத் துணையில்லை என்பதே இதன் பொருள். எனவே தொடக்கக் காலத் தோட்டத்து ஓய்வு நாள் என்பது தனியாட்களின் ஓய்வு நாளாகவே இருந்தது. கள்ளுக்கடையும் சூதாட்டமும் அந்நாளை நிரப்பியதற்குத் தொழிலாளரின் ஒழுக்கக் குறைவே காரணம் என்று அக்கால அதிகாரிகள் எழுதிச் சென்றனர். லயத்தில் அவனுக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லாமையை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என விதித்தது. தமிழ்க் கல்வி வரலாற்றில் இச்சட்டம் பெரிதும் பேசப்படுகிறது. அது வேறொன்றுக்கும் சான்றாகும். தோட்டத்தில் பிள்ளைகள் பிறந்து, தங்கி, வளரத் தொடங்கிவிட்டனர் என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. எனினும் 1930களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தில் பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டமையால், அவ்வாறு உருவான குடும்பங்களும் நிலைபெற்றவையாக இல்லை. 'ஊர்' என்ற சொல் அன்று தமிழகத்துக் கிராமத்தையே குறித்தது. வாழ்ந்த இடம் 'தோட்டம்' எனப்பட்டதேயன்றி ஊர் எனப்படவில்லை. 'ஊருக்குப் போய் வருதல்' கப்பலேறும் செயலாகையால், அண்மையிலிருந்த நகரத்திற்குச் செல்வது 'பட்டணம் போதல்' எனத் தனியே வழங்கியது.

வாயிலும் மிதிவண்டியும்

தோட்டம் தனியார் நிலம். அதன் வாயிலும் பாதைகளும் நிருவாகியாகிய துரையின் ஆளுகைக்கு உட்பட்டவை. வெளியார் உள்ளே வருவதற்கு அனுமதி வேண்டும். தொழிற்சங்க அமைப்பாளர்களைத் தடுத்து நிறுத்த இவ்வதிகாரம் பயன்பட்டதை வரலாற்றாசிரியர்கள் விளக்கியுள்ளனர். அதே வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டோருள் தங்கையைப் பார்க்க வந்த அண்ணனும், பேறுகாலத்திற்கு உதவ வந்த தாயும் இருந்திருப்பர் என்பதை நாம் கருதிப் பார்ப்பதில்லை. கங்காணிகள் வெவ்வேறு தோட்டங்களுக்கு ஆள் கொணர்ந்தமையால் உறவினர் சிதறி வாழ்ந்தனர். பத்துக் கல் தொலைவில் இருந்த உறவைக் காண்பதும் துரையின் தயவைப் பொறுத்ததாயிற்று.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தங்கள் யாவரும் அறிந்தவை. 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அவர்களின் தலைமையில் இயங்கிய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளைப் பாடநூல்கள் எடுத்துரைக்கும்போது, சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பள்ளி, மருத்துவ வசதி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அப்பட்டியலில் மேலும் சில உண்டு. உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குத் தடையின்றி வந்து செல்ல வேண்டும். துரையையும் கிராணியையும் எதிர்கொள்கையில் தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்டிரிடம் முறைகேடாக நடத்தல் நிறுத்தப்பட வேண்டும் என்பன அவை. இவற்றைச் சில்லறைக் கோரிக்கைகளாகக் கருதிக் கடந்து செல்வது பிழையென்பது என் கருத்து. முழுப் பட்டியலையும் ஒருசேரப் படிப்போர்க்கு அது ஒரு குடும்பத்தின் குரலாகவே ஒலிக்கும்.

மிதிவண்டியையே எடுத்துக்கொள்வோம். சேமித்த பணத்தில் ஒருவர் மிதிவண்டி வாங்குகிறார். முன் கம்பியில் ஒரு பிள்ளை. பின்னால் மனைவி, அவர் மடியில் மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பட்டணத்திலிருந்து திரும்பும் வழியில் துரையின் மோட்டார் எதிரே வருகிறது. தந்தை இறங்குகிறார், மனைவியும் பிள்ளைகளும் இறங்க வேண்டியதாகிறது. செம்மண் சாலையோரத்தில் அக்குடும்பம் நின்று, மோட்டார் கடந்த பின் மீண்டும் ஏறுகிறது. பெரட்டுக் களத்தில் நூறு பேரோடு நின்று வசை கேட்பது வேறு. தன் பிள்ளைகள் பார்த்திருக்க இறங்கி நிற்பது வேறு. பின்னதைப் பொறுக்க இயலாத ஒரு தலைமுறை 1941இல் தோன்றிவிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நான்காண்டுகளுக்கு முன், 1937இல், சீனிவாச சாஸ்திரியார் தோட்டங்களைப் பார்வையிட்டு வெளியிட்ட அறிக்கை பெரும்பாலும் கூலியையும் ஆள்சேர்ப்பையுமே பேசிற்று. இத்தகைய அவமதிப்பு அறிக்கைகளில் எளிதாக ஏறுவதில்லை.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரைப் பற்றி ஈண்டு விரித்துரைக்க இடமில்லை. 1948இல் தொடங்கிய அவசரகாலமோ வாயிலை மேலும் இறுக்கியது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது, ஊரடங்கு விதிக்கப்பட்டது. சில வட்டாரங்களில் காட்டிலிருப்போர்க்கு உணவு சென்றுவிடும் என்ற அச்சத்தால் வேலைக்குச் செல்வோர் சோறு எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. கட்டுச்சோறின்றிக் குடும்பப் பயணம் ஏது?

கள்ளுப் பணத்தில் ஓடிய படம்

வெளியே செல்வது அரிதாக இருந்த காலத்தில் பொழுதுபோக்குத் தோட்டத்திற்குள் வந்தது. தகவல் இலாகாவின் நடமாடும் திரைப்பட வண்டிகள் அவசரகாலத்தில் தோட்டந்தோறும் சென்றன. அரசின் பிரசாரப் படம் முன்னும், மக்கள் விரும்பிய படம் பின்னுமாக ஓடின. தோட்ட நிருவாகங்களும் திடலில் வெள்ளைத் துணி கட்டித் தமிழ்ப் படங்களைக் காட்டின. பாய், சாக்கு, கம்பளி ஆகியவற்றோடு மாலை ஐந்து மணிக்கே இடம்பிடிக்கப் பிள்ளைகள் அனுப்பப்பட்டனர். இடம் கிடைக்காதோர் திரையின் மறுபுறம் அமர்ந்தனர். அவர்கள் கண்ட கதாநாயகன் எப்போதும் இடக்கையால்தான் வாள் வீசினான்.

இதற்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்பது ஆராயத்தக்கது. தோட்டக் கள்ளுக்கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட வேண்டும் என்னும் ஏற்பாடு இருந்தது. திருவிழா, விளையாட்டு முதலிய செலவுகள் பல இடங்களில் இந்நிதியிலிருந்தே ஈடு செய்யப்பட்டன. கணவன் குடித்த பணத்தில் ஒரு பகுதி மனைவியும் மக்களும் காணும் படமாகத் திரும்பி வந்தது எனலாம். கள்ளை எதிர்த்துக் கெடாவில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் எழுந்த தொண்டர் படை இயக்கத்திற்குப் பெண்டிரின் ஆதரவு இருந்ததை இப்பின்னணியில் வைத்து நோக்க வேண்டும். படம் இல்லாமற்போனாலும் சம்பளம் வீடு வந்து சேர்ந்தால் போதும் என்பது அவர்களின் கணக்கு.

பத்துமலைக்கு ஒரு லாரி

எத்துரையும் மறுக்க இயலாத வெளிப்பயணம் ஒன்று இருந்தது. அது திருவிழாப் பயணம். தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் 1891இல் பத்துமலையில் வழிபாடு தொடங்கி, மறு ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. வடக்கே பினாங்குத் தண்ணீர்மலையும் ஈப்போ கல்லுமலையும், தெலுக் இந்தானில் சித்திரா பௌர்ணமியும், தெற்கே மலாக்கா சன்னாசிமலையின் மாசிமகமும் இவ்வகையின. பத்துமலைக்குக் கிளை இருப்புப்பாதை இருந்தமையால் இரயிலில் சென்றோர் பலர். உள்நாட்டுத் தோட்டத்தார்க்குப் பால் ஏற்றும் லாரியே ஊர்தியாயிற்று. முதல் நாள் மாலை லாரியைக் கழுவி, வேப்பிலை கட்டி, சாக்கு விரிப்பர். எவ்வளவு கழுவினும் புளித்த ரப்பர்ப் பால் நாற்றம் போகாது என்று பாட்டி சொல்வதுண்டு.

நேர்த்திக்கடனே இப்பயணத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. அதனை ஐயுறுவதற்கில்லை. எனினும் அந்நேர்த்திக்கடனின் நிழலில் வேறு பலவும் நிகழ்ந்தன. சிதறிக் கிடந்த உறவினர் ஆண்டிற்கொருமுறை ஒரே இடத்தில் கண்டுகொண்டனர். இன்ன தோட்டத்தார் ஆற்றங்கரையில் இன்ன மரத்தடியில் தங்குவர் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. பெண் பார்த்தல், பிறப்பு இறப்புச் செய்தி பகிர்தல், கடன் கேட்டல், பழைய பகை தீர்த்தல் ஆகிய அனைத்தும் அங்கேயே நடந்தேறின. 1941ஆம் ஆண்டுப் பட்டியலில் கேட்டும் கிடைக்காத உறவினர் சந்திப்பை இம்மக்கள் முருகன் சந்நிதியில் தாமே அமைத்துக்கொண்டனர். தைப்பூசத்தைச் சமயச் சடங்காக மட்டும் ஆராய்ந்த மானிடவியலார் இதனைப் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் தோன்றியதும், 1957இல் நாடு விடுதலை பெற்றதும் வாயிலைத் தளர்த்தின. சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிறு பட்டணத்து நாளாயிற்று. நான்கைந்து குடும்பத்தார் சேர்ந்து வாடகை மோட்டார் பிடித்துச் செல்வர். மளிகைக் கடன் தீர்த்தல், பள்ளிச் சட்டைக்குத் துணி, மாமாக் கடையில் மீ கோரேங், பிள்ளைகளுக்கு ஐஸ் கச்சாங், வாய்ப்பிருப்பின் ஒரு படம் என்பது ஏறத்தாழ மாறாத நிரல். ஆண்டிற்கொருமுறை மோரிப் அல்லது போர்ட்டிக்சன் கடற்கரை. இவ்வளவே. இதற்கும் எல்லாக் குடும்பத்தார்க்கும் வசதி இருந்ததில்லை. 1980களின் இறுதியில் எங்கள் பள்ளியில் 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கப்பட்டபோது, வகுப்பில் பாதிப்பேர் லங்காவி சென்று வந்ததாக எழுதினோம். ஒருவரும் சென்றதில்லை. ஆசிரியர் அனைத்தையும் திருத்தி, மதிப்பெண் வழங்கி, ஒன்றும் கேட்காமல் திருப்பிக் கொடுத்தார். இன்றைய தமிழாசிரியர்கள் இத்தகைய தலைப்புகளைத் தருமுன் சற்றே சிந்திக்கலாம்.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், அதனை எதிர்கொள்ளத் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் அமைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும், 1969க்குப் பின் வேலை உரிமச் சிக்கலால் பல்லாயிரவர் நாடு நீங்கியதும் தனித்தனியே ஆராயப்பட்டுள்ளன. தோட்டங்கள் நகர்ப்புற வளர்ச்சிக்குக் கைம்மாறிய பின் நேர்ந்த ஒரு விந்தையை மட்டும் ஈண்டுச் சுட்டலாம். 1976 முதல் சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்து நிலத்தில். 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்குப் புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கு எழுந்ததும் தோட்ட நிலத்திலேயே. பேரங்காடிக்கும் விளையாட்டரங்குக்கும் ஞாயிறன்று பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தமிழ்க் குடும்பத்தார் பலர், தம் பாட்டனார் நிரை பிடித்து மரம் வெட்டிய நிலத்தின்மேல் ஊர்தியை நிறுத்திவிட்டுச் செல்கின்றனர்.

இனி அந்நிழற்படம். தாத்தாவும் நான்கு பிள்ளைகளும் அதில் இருக்கின்றனர். மூத்த மகளின் கழுத்தில் கிடக்கும் சங்கிலி அடுத்த வீட்டில் இரவல் வாங்கியது. இளையவர் காலில் செருப்பில்லை. பாட்டி மட்டும் படத்தில் இல்லை. தோட்டத்துப் பெண்டிர் விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குச் சென்று, மரம் வெட்டிப் பால் எடுத்து, மாலையில் பீலியில் தண்ணீர் பிடித்து, விறகு பொறுக்கிய நாட்களைப் பற்றி அவர் பலமுறை கூறியதுண்டு. ஞாயிறு அவர்களுக்குத் துணி வெளுக்கும் நாள். அவர் உயிரோடிருந்தபோது, சிறு வயதில், இப்படத்தில் ஏன் அவர் இல்லை என்று ஒருமுறை கேட்டது நினைவிருக்கிறது. "அன்னைக்கு எனக்கு நிரை இருந்துச்சுய்யா. ஞாயித்துக்கிழமை வெட்டுனா காசு கூட வரும். அந்தக் காசுதானே படம் எடுத்துச்சு" என்றார்.