சீட்டித் துணிக்கு வந்த சீமை மாதிரிகள்

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கொடி, பூ, முடிச்சு போன்ற அலங்கார வடிவங்களை மரக்கட்டையிலும் செப்புத் தகட்டிலும் செதுக்கி, தாளில் அச்சடித்து விற்றார்கள். பொற்கொல்லரும் தச்சரும் பூத்தையல்காரரும் அவற்றைப் பார்த்துத் தொழில் செய்தார்கள். இத்தாலிய ஓவியர் லியோனார்டோவின் முடிச்சு வடிவங்களைத் தழுவி ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1507ஐ ஒட்டி ஆறு அச்சுகள் வெளியிட்டார். பூத்தையலுக்கான மாதிரி நூல் ஆக்ஸ்பர்க் நகரில் 1523இலேயே வந்துவிட்டது. வடிவத்தைத் துணியில் இறக்கும் முறை எளியது: கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள்.

சோழமண்டலக் கடற்கரையில் சீட்டி என்னும் வண்ணம் தீட்டிய பருத்தித் துணியைச் செய்த ஓவியர்களும் இதே முறையைத்தான் கையாண்டார்கள். சேசு சபைப் பாதிரியார் கூர்தூ, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற ஓவியர்களைக் கேட்டறிந்து 1742இல் எழுதிய கடிதம் அதை விளக்குகிறது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். பிறகு துளையிட்ட தாளை விரித்துக் கரித்தூள் தட்டி, விழுந்த புள்ளிகளைத் தூரிகையால் கோடாக்குவார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம் தீட்டி, சாயவேரோடு கொதிக்க வைப்பார்கள். நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள்.

அந்த அவுரிக்குப் பேர்போனது தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. இரண்டு ஊர்களும் புதுச்சேரி, கடலூர்த் துறைமுகங்களின் பின்னிலம். 1608ஐ ஒட்டி டச்சுக்காரர்களுக்குக் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் வணிக உரிமை தந்தவர் செஞ்சி நாயக்கர். கப்பல்கள் துணியை ஏற்றிச் சென்றன. திரும்பி வரும்போது ஐரோப்பியச் சந்தையின் விருப்பத்தையும் மாதிரிகளையும் கொண்டுவந்தன. சிவப்புத் தரையைவிட வெள்ளைத் தரையில் பூவும் கிளையும் வேண்டும் என்று லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி 1643இல் சூரத்திலிருந்த தன் ஆட்களுக்கு எழுதியது.

ஆனால் ஓவியர்கள் வந்ததை அப்படியே படியெடுக்கவில்லை. ஐரோப்பியக் கொடியும் பாரசீகப் பூவும் சீனப் பாறையும் துணியில் வரைந்த ஒரே மரத்தில் சேர்ந்தன. ஒவ்வோர் இலைக்குள்ளும் நுண்கோலங்கள் நிறைந்தன. இதைப் பிறர் சரக்கு என்று சொல்வது அநியாயம். மாதிரி கடல் கடந்து வந்தது. துணியில் உள்ள கற்பனை இங்குள்ளவர்களுடையது.

தன் நெசவாளர் நலன் காக்கப் பிரான்சு 1686இல் சீட்டியைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1701 முதல் தடுத்தது. ஆனாலும் ஆசை அடங்கவில்லை; அந்த வேலையைத் தாங்களே கற்றுச் செய்யவும் ஐரோப்பியர் முயன்றார்கள். 1734ஐ ஒட்டிப் புதுச்சேரியில் பிரெஞ்சு அதிகாரி போலியூ, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டியெடுத்துக் குறிப்போடு பாரிசுக்குக் கொண்டுசென்றார். 1752இல் டப்ளின் அருகே டிரம்கோண்ட்ராவில் செதுக்கிய செப்புத் தகட்டைக் கொண்டு துணியிலேயே அச்சடித்தார்கள். 1760இல் ஓபர்காம்ப், பாரிசை அடுத்த ஜூயியில் தம் துணி அச்சுப் பட்டறையைத் தொடங்கினார்.