ஓய்வு பெறாத துப்பாக்கி - பிரவுனிங் எம்2

ஹாலிவுட் யுத்தப் படங்களில் டாங்கியின் மேலேயோ ஜீப்பின் மேலேயோ நீளமான ஒரு துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீரர் பின்னால் நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு சுட்டுத்தள்ளுவார். இரண்டாம் உலகப்போர் படமானாலும் சரி, ஈராக் போர் படமானாலும் சரி, பெரும்பாலும் துப்பாக்கி ஒன்றுதான். பெயர் பிரவுனிங் எம்2. அமெரிக்க வீரர்கள் செல்லமாக 'மா டூஸ்' என்பார்கள்.

தாத்தா சுட்ட துப்பாக்கியைப் பேரனும் சுடுகிறான்... அப்படி என்ன இருக்கிறது அதில்?

கதை முதல் உலகப்போரில் ஆரம்பிக்கிறது. டாங்கிகளும், எஃகுக் கவசம் போட்ட ஜெர்மன் விமானங்களும் களத்துக்கு வந்துவிட்டன. சாதாரண ரைஃபிள் தோட்டா அவற்றின் மேல் பட்டுத் தெறித்தது. பிரான்சில் அமெரிக்கப் படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் பெர்ஷிங், பெரிய தோட்டா சுடும் இயந்திரத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டார். வேலை ஜான் பிரவுனிங்கிடம் வந்தது. அவர் தன்னுடைய 1917 மாடல் துப்பாக்கியையே பெரிதாக்கினார். வின்செஸ்டர் கம்பெனி உருவாக்கிய புதிய தோட்டாவின் விட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆனால் 1918 நவம்பரில் போரே முடிந்துவிட்டது!

1921-இல் தண்ணீரால் குளிரும் மாடல் வந்தது. 1926-இல் பிரவுனிங் பெல்ஜியத்தில் மாரடைப்பால் காலமானார். மீதி வேலையைச் செய்தவர் சாமுவேல் கிரீன் என்ற பொறியாளர். ஒரே உடலை வைத்துக்கொண்டு, குழலையும் சில பாகங்களையும் மாற்றினால் விமானம், டாங்கி, கப்பல் எதற்கும் பொருந்தும்படி செய்தார். 1933-இல் அதற்கு எம்2 என்று பெயர் வைத்தார்கள். காற்றால் குளிரும் மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறியதால் தடித்த குழல் போட்டார்கள். இன்றுவரை நாம் பார்ப்பது அதைத்தான். எடை 38 கிலோ, முக்காலி தனியாக 20 கிலோ. நிமிடத்துக்கு 450 முதல் 600 தோட்டாக்கள் வரை சுடும்.

சரி, எப்படி வேலை செய்கிறது? சுட்டவுடன் குழலும் போல்ட்டும் ஒன்றாகப் பூட்டியபடி கொஞ்ச தூரம் பின்னால் நகரும். பிறகு பூட்டு விடுபட்டு போல்ட் மட்டும் பின்னால் ஓடும். ஓடும்போதே காலி உறையை வெளியே இழுத்து, பெல்ட்டிலிருந்து அடுத்த தோட்டாவையும் உருவிக்கொள்ளும். ஸ்பிரிங் அதை மறுபடி முன்னால் தள்ளும். துப்பாக்கியின் உதைப்பே துப்பாக்கியை இயக்குகிறது!

இந்த அழகான டிசைனில் ஒரு குறை இருந்தது. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை 'ஹெட்ஸ்பேஸ்' என்பார்கள். எம்2-வில் இதை வீரரே சரிசெய்ய வேண்டும். குழலை முழுதாகத் திருகி இறுக்கி, இரண்டு 'கிளிக்' பின்னால் திருப்பி, கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். 'சரி' என்று சொல்லும் கேஜுக்கும் 'கூடாது' என்று சொல்லும் கேஜுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 0.1 மி.மீ. அதோடு, எந்த நொடியில் தோட்டா வெடிக்க வேண்டும் என்ற 'டைமிங்'கையும் பார்க்க வேண்டும். இடைவெளி கூடிவிட்டால் பித்தளை உறை கிழிந்து, சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். குழல் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை உண்டு. நடு இரவில், எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது, கை நடுங்க இதைச் செய்வதை யோசித்துப் பாருங்கள்.

இந்தக் குறை தீர எவ்வளவு நாள் ஆனது தெரியுமா? 2010-இல் எம்2ஏ1 என்ற மாடலை அமெரிக்க ராணுவம் ஏற்றபோதுதான் இரண்டு அளவுகளும் நிலையாக்கப்பட்டன. சுமார் 77 வருடங்கள்! இதற்குப் பதிலாக எக்ஸ்எம்806 என்ற எடை குறைந்த துப்பாக்கியைச் செய்து பார்த்து, 2012-இல் கைவிட்டார்கள். கிழவனே மறுபடி ஜெயித்தான்.

நல்ல டிசைன் நீண்டநாள் வாழும் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதன் குறையும் கூடவே வாழ்கிறது. 'கவனமாக இருங்கள்' என்று தலைமுறை தலைமுறையாக வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். துப்பாக்கியைத் திருத்துவதைவிட மனிதனைத் திருத்துவது மலிவு என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. நாளைக்கு நாமும் ஏதாவது ஒரு இயந்திரத்தை வடிவமைக்கலாம். அப்போது இது ஞாபகம் இருக்கட்டும்.