சைகோன் சம்பளமும் கிழவரின் மதிப்பும்

முத்தியால்பேட்டையைத் தாண்டி மரக்காணம் சாலையில் போனால், புதுச்சேரி எங்கே முடிந்து கோட்டக்குப்பம் எங்கே தொடங்குகிறது என்று இன்று எளிதில் சொல்லிவிட முடியாது. 1954 நவம்பர் வரை இங்கே இரண்டு ஆட்சிகள் முட்டிக்கொண்டு நின்றன. தெற்கே இருந்த பிரெஞ்சு ஆட்சி, சமத்துவம் பேசிக்கொண்டே நிறத்தை வைத்து மனிதர்களை அடுக்கியது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்ததே குற்றமாயிற்று. பாரீஸ் வரை வழக்காடித்தான் வென்றார். 1881இல் ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பதாகக் கையெழுத்திட்டால் முழுக் குடிமகன், கூடவே ஒரு குடும்பப் பெயர். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார். இப்படிக் கையெழுத்திட்டு, அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனுக்கு வேலைக்குப் போனவர்கள், வெள்ளையருக்குத் தரும் சம்பளம் எங்களுக்கும் வேண்டும் என்று வாதாடினார்கள். முஸ்லிம்களில் கையெழுத்திட்டவர்கள் மிகக் குறைவு. திருமணமும் சொத்துரிமையும் ஷரீஅத்தை விட்டு விலகும் என்பதால், அந்தப் படி உயர்வு அவர்களுக்குக் கௌரவமாகவே தோன்றவில்லை. கௌரவத்தை அவர்கள் வேறிடத்தில் தேடினார்கள்: சைகோனில் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு ஒன்றுதான். இன அடுக்கு ஒருவரின் வருமானத்தையும் ஆயுளையும் வெட்டும். ஆனால் வயதான காலத்தில் அவர் தன்னை எவ்வளவு மதிக்கிறார் என்பதை அந்த அடுக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் முன்னால் நிமிர்ந்து நிற்க விரும்புகிறாரோ, அவர்களுடைய கணக்கும் அதில் சேர்கிறது. அமெரிக்க ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 2001 முதல் 2003 வரை நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையாவது கடும் மனச்சோர்வுக்கு ஆளான வெள்ளையர் 17.9 சதவீதம், ஆப்பிரிக்க அமெரிக்கர் 10.4 சதவீதம். கறுப்பரின் சுயமதிப்பும் பெரும்பாலான ஆய்வுகளில் வெள்ளையருடையதற்குக் குறையவில்லை, பலவற்றில் கூடுதல். தேவாலயமும் உறவும் தாங்குகின்றன என்பது பலர் தரும் விளக்கம். முஸ்லிம்கள் நிறைந்த கோட்டக்குப்பத்தில் அந்த இடத்தில் பள்ளிவாசல் ஜமாஅத் இருக்கிறது.

அவமானப்பட்டவர்கள் சோர்வதில்லை என்று இதைப் படித்துவிடக் கூடாது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் உண்டு: சோர்வு பிடித்தவர்களில் அது நீடித்துப் போனது வெள்ளையரில் 38.6 சதவீதம், கறுப்பரில் பாதிக்கும் மேல். அதிகம் அடிபட்டவர்கள் முதுமைக்கு முன்பே இறந்துவிடுவதால், எஞ்சியவர்களை மட்டும் எண்ணுகிறோம் என்ற மறுப்பும் நியாயமானது. கேட்கும் முறையும் சந்தேகத்துக்குரியதுதான். நம் ஊர்ப் பெரியவர்கள் மனம் சரியில்லை என்பதைவிட, உடம்பு அசதி, தூக்கம் இல்லை என்றே மருத்துவரிடம் சொல்வார்கள். 2017–18இல் நடந்த இந்திய முதுமை ஆய்வில், அறுபதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினருக்குக் கடும் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. மருத்துவர் அப்படிச் சொன்னதாகக் கூறியவர்கள் 0.8 சதவீதமே. ஆகவே குறைந்த எண்களைக் கண்டு நிம்மதி அடைய முடியாது. ஆனால் சுயமதிப்பு பற்றிய முடிவை இந்த மறுப்புகள் அவ்வளவாக அசைப்பதில்லை.

பணம் இருந்தால் மதிப்பு தானே வரும் என்பது இன்னொரு வாதம், சாட்சிக்குப் புதுச்சேரியின் 'சொல்தா'க்களை, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்த உள்ளூர்க்காரர்களை, நிறுத்துவார்கள். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962இல் அமலுக்கு வந்த பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த முன்னாள் படைவீரர்களுக்குப் பிரெஞ்சு பென்ஷன் வந்தது; தெருவில் அவர்கள் மதிப்பும் ஏறியது, உண்மைதான். ஆனால் செனகலைப் பாருங்கள். பிரான்ஸுக்காகப் போரிட்ட ஆப்பிரிக்க வீரர்களின் பென்ஷனைப் பிரெஞ்சுச் சட்டம் அப்படியே உறையவைத்தது. பக்கத்தில் நின்று சுட்ட பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. 2001இல் பிரான்ஸின் உயர் நிர்வாக நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. முழுச் சமநிலைக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொகை சிறிதென்று மட்டும் அந்தக் கிழவர்கள் குமுறவில்லை. இருவருக்கும் ஏன் ஒரே தொகை இல்லை என்றுதான் கேட்டார்கள்.