நல்ல மன்னன் போதுமா?

"நல்லவன் ஒருவன் மன்னனாக வந்துவிட்டால், தேர்தல் எதற்கு ஐயா?"

பேரையூரில் நாம் பாடம் நடத்தும் வகுப்பில், மாணவன் ஒருவன் எழுந்து கேட்ட கேள்வி இது. குறும்புக்குக் கேட்டவனல்லன். கைப்பேசியில் கண்ட கதையொன்று அவன் கருத்தைக் கவ்வியிருந்தது. அனிமே என்று இளைஞர் அழைக்கும் ஜப்பானிய அசைபடம் அது. கதை நடப்பதோ விண்மீன்களுக்கிடையே! அங்கு நடக்கும் போர், இங்குள்ள சிறுவனை அரியணையையும் வாக்குச்சீட்டையும் எடைபோட வைத்துவிட்டது. அவனை அதட்டி உட்கார வைப்பது எளிது. வரலாற்றைப் புரட்டி விடை தேடுவதே ஆசிரியர்க்கு அழகு.

அந்தக் கதையை உலகம் 'லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்' என்று வழங்குகிறது. யோஷிகி தனாகா என்பார் 1982 முதல் 1987 வரை பத்துத் தொகுதிகளாக எழுதிய நாவல்; 1988 முதல் 1997 வரை 110 பகுதிகள் கொண்ட அசைபடமாக வெளிவந்தது. ஒருபுறம் பேரரசு. அதை நிறுவியவன், மக்கள் வாக்களித்து மேலேற்றிய தலைவன். ஏறியபின் தானே முடிசூடிக்கொண்டவன்! மறுபுறம், அடிமைத்தளையறுத்துத் தப்பியோடியவர்கள் கண்ட குடியரசு. பேரரசில் ரைன்ஹார்ட் என்னும் இளைஞன் எழுகிறான். பிறப்பால் உயர்ந்தோம் என்று கொழுத்த பிரபுக்களின் கொட்டத்தை அடக்குகிறான். குடியரசிலோ, ஊரார் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு மேடையில் முழங்கும் பதவிப் பித்தர்கள்!

அந்தக் குடியரசின் படைத்தலைவன் யாங் வென்லி. வரலாறு கற்க ஆசைப்பட்டவன். தந்தை மறைந்தபின் கையில் காசில்லை. கட்டணமின்றி வரலாறு படிக்கலாம் என்பதற்காகவே இராணுவக் கல்லூரியில் சேர்ந்தவன். கட்டணம் கட்ட வழியின்றிக் கல்லூரி வாயிலில் நின்றவர்கள் நம் ஊரிலும் உண்டு. யாங்கைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு விளக்கவுரை வேண்டுமா?

அசைபடமே பார்த்தறியாதவரையும் இக்கதை ஈர்ப்பது இதனால்தான். இருபுறமும் நல்லவருண்டு, இருபுறமும் கயவருண்டு. யார் பக்கம் நியாயம் என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்ய வேண்டும். தொலைவும் துணை செய்கிறது. உள்ளூர் ஆதிக்கத்தைப் பற்றிப் பேசினால் சாதி குறுக்கே நிற்கும், கட்சி குறுக்கே நிற்கும், உறவும் குறுக்கே நிற்கும். விண்மீனில் நடந்ததென்று சொல்லுங்கள். நியாயத்தை மட்டும் நிறுத்துப் பார்ப்பான். நிறுத்து முடித்தபின்தான் உணர்வான், அது தன் ஊர்க் கதையே என்று!

இந்த வழி தமிழருக்குப் புதிதா? 1940களில் அறிஞர் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து இராஜ்ஜியம்' நாடகத்தில் மராட்டிய மன்னனின் முடிசூட்டு விழாவைக் காட்டி, தமிழ்நாட்டுச் சாதிக் கொடுமையைச் சிந்திக்க வைத்தார். சிவாஜியாக நடித்த கணேசனுக்கு அப்பெயரே நிலைத்தது. 1950இல் வந்த 'மந்திரிகுமாரி'யில், குண்டலகேசிக் கதையை அடியொற்றிக் கலைஞர் உரையாடல் தீட்டினார். பகலில் இராஜகுருவின் மைந்தன், இரவில் கொள்ளைக்காரன்! ககாரின் விண்வெளி சென்ற ஈராண்டில், 1963இல், 'கலை அரசி' வேற்றுலகத்தையே திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே தேடப்பட்டது இசை, அரசியலன்று. நம் திரையில் அரசியல் குடியிருந்தது கற்பனை நாடுகளில்தான். அவற்றுள் தலையாயது எம்.ஜி.ஆர். இயக்கி நடித்து, 1958 ஆகஸ்ட் 22 அன்று வெளிவந்த 'நாடோடி மன்னன்'.

மன்னராட்சியை வெறுக்கும் ஏழை வீராங்கன், உருவ ஒற்றுமையால் மன்னன் மார்த்தாண்டனின் இருக்கையில் அமர்கிறான். அமர்ந்தவன் ஏழைக்காகச் சட்டங்களை அறிவிக்கிறான். கொட்டகை அதிர்ந்தது!

அதிர்ந்ததன் காரணத்தை இவ்வூர் மண்ணில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பேரையூர், நாயக்கர் காலத்தில் பாளையமாக இருந்து, பின்னர் ஜமீனான ஊர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழித்தது. 1952இலும் 1957இலும் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. ஆக, வீராங்கனுக்குக் கைதட்டியவர்கள் ஏற்கெனவே இருமுறை வாக்களித்த குடிமக்கள்! ஆயினும் மன்னனின் ஆணை ஏன் இனித்தது? சட்டம் வந்தும் நிலம் வரவில்லை, வாக்களித்தும் வாழ்வு வரவில்லை என்று ஏங்கியவனுக்கு, ஒரே காட்சியில் நீதி பிறந்தது. நம் மாணவனை ரைன்ஹார்ட் மயக்கியதும் இதே அவசரத்தால்தான்.

மயக்கத்தை மறுக்கவேண்டியதில்லை, அதற்குள்ளிருக்கும் பசி உண்மையானது. ஆனால் ஒன்று கேட்போம்: கொடுத்தவன் நல்லவன், அடுத்து வருபவன் அதைப் பறித்தால் யாரிடம் முறையிடுவது? யாங்கின் விடை இதுதான்: மக்களாட்சி கெட்டால் அந்தக் குற்றம் மக்களுடையது, ஆகவே திருத்தும் உரிமையும் அவர்களுடையது. எதிரியை வீழ்த்தும் தருணத்தில், தான் வெறுக்கும் அரசே போரை நிறுத்தச் சொன்னபோதும், மக்கள் அமைத்த அரசு என்பதற்காக அவன் நிறுத்துகிறான். சரியா, தவறா? நண்பர்களோடு வாதிடுங்கள், வாதிட வைப்பதே அக்கதையின் வெற்றி.

நம் வரலாறும் ஒரு விடை தருகிறது. திரையில் அரியணையேறியவர் 1977இல் முதலமைச்சரானார், வாக்குப்பெட்டியின் வழியாக. 1980இல் அவரது ஆட்சி கலைக்கப்பட்டபோது, மதுரை மேற்குத் தொகுதிக்கு வந்து வாக்குக் கேட்டார். திரையில் ஆணையிட்டவர், தெருவில் கைகூப்பினார்! அவரை விரும்பியவர்களும் வெறுத்தவர்களும் ஒரே வரிசையில் நின்று தீர்ப்பளித்தார்கள்.

அந்த மாணவனுக்கு நாம் சொன்னது இவ்வளவே: "தம்பி, நல்ல மன்னனும் உன்னிடம் கைகூப்ப வேண்டியதில்லை. அதற்காகத்தான் தேர்தல்."

அவன் உட்காரவில்லை. "வாக்கை விலைக்கு விற்றால், ஐயா?" என்றான். அடுத்த பாடம் அங்கேதான் தொடங்குகிறது, தோழர்களே. கதை கதவைத் திறந்துவிட்டது; உள்ளே நடக்க வேண்டியவர்கள் நாம்.