250-ஆ, 300-ஆ, 600-ஆ? காவலூரைக் கேட்போம்



போன வாரம் என்னிடம் படித்த தம்பி ஒருவர் (பெயர் சொன்னால் கூச்சப்படுவார்) வாட்ஸப்பில் மூன்று லென்ஸ்களின் படத்தை அனுப்பி, "சார், எதை வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார். அவரிடம் இருப்பது கேனான் கேமரா. பொங்கலுக்கு ஜவ்வாது மலைக்கு வரும்போது பறவைகளையும் நிலாவையும் எடுக்க வேண்டுமாம். கேனான் 75-300, கேனான் 55-250, டாம்ரான் 150-600 என்று மூன்று. முதல் இரண்டும் கைக்கு அடக்கம். மூன்றாவதுக்குக் கடன் வாங்க வேண்டும். அதை வாங்கியே தீருவது என்று பாதி முடிவு செய்துவிட்டார் என்பது கேள்வியிலேயே தெரிந்தது. அதனால்தான் இந்த நீளமான பதில். வரலாற்று வாத்தியாரிடம் லென்ஸைக் கேட்டால் வரலாறுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் பார்க்கக் குறைந்த பணத்தில் எதை வாங்குவது என்ற கேள்வி நம் மலைக்குப் புதிதல்ல. 1960-களில் வேணு பாப்புவுக்கு இதே கேள்வி இருந்தது. சென்னையில் 1927-இல் பிறந்தவர். ஹார்வர்டில் படிக்கும்போதே, 1949-இல், ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர். அதற்கு அவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்தார். அது சூரியனை ஆராய அமைந்த இடம். இரவு வானத்தைப் பார்க்க வேறு இடம் வேண்டும், பெரிய தொலைநோக்கியும் வேண்டும். அன்னியச் செலாவணிக்கு நாடே தவித்த காலம் அது.

அவர் முதலில் தேடியது கருவியை அல்ல, இடத்தை. ஆலங்காயத்துக்கு மேலே, 700 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கும் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றிலும் காடு, இரவில் இருட்டு. பூமத்திய ரேகைக்குப் பன்னிரண்டரை பாகைதான் வடக்கே என்பதால், ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாத தென்வானத்தின் பெரும்பகுதி இங்கே தெரியும். 1968-இல் அங்கே முதலில் வைத்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. நம் ஊர் அளவில் பதினைந்து அங்குலம். கொடைக்கானலிலேயே செய்தது. உலகத்தில் அதைவிடப் பல மடங்கு பெரியவை அப்போதே இருந்தன. ஆனாலும் கையில் இருந்ததை வைத்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகுதான் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1972-இல். அந்த ஆண்டு ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அதைப் பதிவு செய்ய முடிந்த இடங்கள் வெகு சில. இந்தோனேசியாவின் லெம்பாங் ஒன்று, நம் காவலூர் ஒன்று. நட்சத்திரம் மறைந்த விதத்திலிருந்து கானிமீடுக்கு மெல்லிய காற்றுமண்டலம் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். (பின்னால் வாயேஜர் விண்கலம் போய்ப் பார்த்தபோது, அது அந்தக் கணக்கைவிட மிக மிக மெல்லியது என்று தெரிந்தது. அறிவியலில் இதெல்லாம் சகஜம்.)

அடுத்தது 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடக்கப்போகிறது. காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த ஒரு மீட்டர் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். கோள் நெருங்கும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் சட்டென்று குறைந்து மீண்டது. புதிய துணைக்கோளாக இருக்கும் என்று நினைத்து, 'நேச்சர்' இதழில் அப்படியே எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க விமானம் ஒன்றில் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி இருந்தது. ஒளி பல தடவை குறைந்ததை அவர்கள் பதிவு செய்திருந்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அன்றைக்குத்தான். தம்பி கவனிக்க: இரண்டுமே நடுத்தர அளவுக் கருவிகள். சரியான நேரத்தில் சரியான இடத்தில் ஆடாமல் நின்றன, அவ்வளவே.

பெரியது வேண்டாம் என்று பாப்பு நினைக்கவில்லை. 234 சென்டிமீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கினார். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றிய வேலை பெங்களூரில் நடந்தது. முடிவதற்குள், 1982 ஆகஸ்டில், ம்யூனிக்கில் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி வந்து, அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1988 பிப்ரவரி 17-இல், ராஜமோகன் அதே வளாகத்தில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர். ஆனால் அது சிக்கியது 234-இல் இல்லை. ஓரமாக நின்ற 48 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில். வானத்தின் அகலமான பகுதியை ஒரே படத்தில் எடுப்பது அது. தேடுகிற வேலைக்கு அதுதான் பொருத்தம்.

லென்ஸுக்கு வருகிறேன். 300 என்ற எண் 250-ஐவிடப் பெரியது என்பதால்தான் 75-300 உங்களை இழுக்கிறது. அது 1999-இல் வந்த வடிவம்; கை நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு அதில் கிடையாது. 300-இல் கையில் பிடித்துத் தெளிவாக எடுக்க, நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். காலை ஆறரை மணிக்குப் பலா மரத்தடியில் அவ்வளவு வெளிச்சத்துக்கு எங்கே போவீர்கள்? 2013-இல் வந்த 55-250 எஸ்டிஎம்-இல் அந்த அமைப்பு இருக்கிறது. எடையும் 400 கிராமுக்குள். படமும் ஓரம் வரை தெளிவு. (பறவையே ஆடினால் எந்த அமைப்பும் உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

600 எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. நல்ல லென்ஸ்தான், மறுக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். நிலாவின் பிம்பம் 250-இல் 2.3 மில்லிமீட்டர், 600-இல் 5.5 மில்லிமீட்டர். காவலூரின் பெரிய தொலைநோக்கியின் முதன்மைக் குவியத்தில் ஏழு சென்டிமீட்டர் அளவில் விழும். எத்தனை பெரிதாக்கினாலும் நடுவில் இருக்கும் காற்று ஒன்றுதான். பாறை சூடேறிய பின் பதினொரு மணிக்கு எதிர்க் குன்றைப் பாருங்கள், கானல் நெளியும். 600 அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். அதற்குப் பயந்துதானே வானியலாளர்கள் இடத்தைத் தேடி மலை மலையாக அலைந்தார்கள்.

மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்ப் படம் எடுப்பதில் முன்னோடி. ஒரு கம்பெனியின் கேமரா உடலில் வேறு கம்பெனியின் தொலைவு லென்ஸைத் தானே பொருத்தி, அந்தக் கனமான பொருளுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். இ.பி. ஜீ என்ற இயற்கையாளர் அதைப் பார்த்துவிட்டுக் கிண்டலாகவே எழுதினார். அதைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணன் எடுத்த யானைப் படங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறோம்.

ஆகவே தம்பி, 55-250 போதும். பழையது கிடைத்தாலும் வாங்கலாம். கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வருடம் அதில் எடுத்த பிறகும் 600 வேண்டும் என்று தோன்றினால், கடன் இல்லாமல் வாங்குங்கள். முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள்.

பொங்கலுக்கு வரும்போது முக்காலி வாங்கி வர வேண்டாம். என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரு கால் மட்டும் சரியாக இறுகாது, துணி சுற்றிக்கொள்ளலாம். விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட வேண்டும், சொல்லிவிட்டேன்.