சொற்பிரிப்பு: ஓசையும் உறுப்பும்

நீண்டதோர் ஆங்கில வினையடையைக் கண்டவிடத்து நம் மாணவர் அதனை அசையசையாக முறித்து மனனஞ் செய்கின்றனர். பிழையற எழுதுதற்கு அது துணையாகும், பொருளுணர்தற்கு ஆகாது. கலகெதர என்னும் எம்மூர்ப் பெயரையே நோக்குக. ஒலிக்குங்கால் க, ல, கெ, த, ர என ஐந்து துண்டம். சிங்களத்தில் உறுப்போ, கல்லைக் குறிக்கும் 'கல', வீட்டைக் குறிக்கும் 'கெதர' என இரண்டே.

எண்ணிக்கை ஒத்தவிடத்தும் மயக்கம் உண்டு. 'இன்டிபென்டன்ட்லி' என்னும் வினையடை நாவினால் இன், டி, பென், டன்ட், லி என ஐந்தாம். உறுப்புக்களும் ஐந்தே: இன், டி, பென்ட், அன்ட், லி. 'தொங்கு' எனப் பொருள்படும் இலத்தீன் பகுதி 'பென்ட்' ஆகும். ஓசைவெட்டு அப்பகுதியின் ஈற்றுமெய்யைப் பறித்து விகுதிக்கு ஈந்துவிடுகின்றது.

இவ்விரு பிரிப்பையும் தமிழிலக்கணம் வெவ்வேறிடத்து வைத்தது. நேர், நிரை என்னும் அசை யாப்பிற்குரியது. உறுப்புப் பிரிப்போ, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில், எழுத்ததிகாரத்துள் பதவியல் எனத் தனியியலாயிற்று. தொல்காப்பியத்தில் அப்பெயரிய இயல் இல்லை. பகாப்பதம் ஏழெழுத்தும் பகுபதம் ஒன்பதெழுத்தும் ஈறாக வருமென நன்னூல் வரையறுத்தது. 'உத்திரட்டாதி' ஏழு, 'உத்திரட்டாதியான்' ஒன்பது. 'நடந்தனன்' என்பது அசையால் நடந், தனன் என இரு நிரை; உறுப்பாலோ நட என்னும் பகுதி, ந் எனத் திரிந்த சந்தி, த் என்னும் இடைநிலை, அன் என்னும் சாரியை, அன் என்னும் விகுதி என ஐந்து.

ஆங்கிலரிடையே இவ்விரண்டுங் கலந்து கிடந்தன. 1783இல் அமெரிக்காவில் எழுத்துக்கூட்டும் நூலை வெளியிட்ட நோவா வெப்ஸ்ரர், பள்ளிகளில் வழங்கிய பழைய பிரிப்பைக் கண்டித்தார். 'பிஷொப்' என்பதைப் பி, ஷொப் எனப் பிரித்தாற் சிறுவன் முதலுயிரை நீட்டி ஒலிப்பான். ஆதலின் பிஷ், ஒப் எனப் பிரித்தார். செவிக்கு அது நன்று. ஆயினும் அச்சொல், 'மேல்' எனப் பொருள்படும் 'எபி'யும் 'நோக்குநர்' எனப் பொருள்படும் 'ஸ்கொப்பொஸ்' என்பதும் இயைந்த கிரேக்கச் சொல்லின் திரிபு. சொல்வரலாற்றுக்கு இசைந்தது அவர் தள்ளிய பிரிப்பே!

இனி, 'லி' என்னும் ஈறு. பழைய ஆங்கிலத்தில் 'லீக்' என்பது உடல், உருவம் எனப் பொருள்பட்ட பெயர்ச்சொல். அதன் இனமான ஜேர்மன் சொல் இன்றும் பிணத்தைக் குறிக்கின்றது. பிரெஞ்சு மொழியின் வினையடையீறோ மனத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் 'அழகாக' என்பதிலுள்ள 'ஆக', ஆதல் என்னும் வினையின் எச்சம். உடலும் உள்ளமும் ஆங்கே தேய்ந்து வெறும் ஈறாயின. நமது 'ஆக' இன்னும் தனித்து நின்று பொருள் தருகின்றது.