கள்ளுக்கடையை மூடச் சொன்ன தோட்டத் தமிழர்



சுங்கை ஊடாங் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் நான் பெற்றோர் சந்திப்புகளில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு: "குடி நம் இனத்தின் தலையெழுத்து, ஐயா." இச்சொல்லை நான் ஏற்பதில்லை. நம் வரலாறும் அதை ஏற்பதில்லை.

மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தானாக முளைத்ததன்று. அரசாங்க உரிமம் பெற்றுத் தோட்ட நிர்வாகங்களே அதனை நடத்தின. விடியலில் பெரட்டு, பகலில் பால்மரக்காடு, மாலையில் கள்ளுக்கடை. தொழிலாளியின் நாள் இவ்வளவில் முடிந்தது. கள் விற்ற இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்பது நிர்வாகத்தின் வாதம். நல்ல நலன்தான்!

அதை முதலில் எதிர்த்தவர்கள் வெளியிலிருந்து வந்த சீர்திருத்தக்காரர்கள் மட்டுமல்லர்; அந்தக் கள்ளைக் குடித்த தொழிலாளரும் எதிர்த்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும் பிள்ளைகளின் கல்வியோடும் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. துரையின் முன் மிதிவண்டியில் செல்லும் உரிமையும் அதே பட்டியலில் இருந்தது. மானமும் மதுவிலக்கும் அவர்களுக்கு ஒன்றாகவே தோன்றியிருக்கின்றன.

பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் திரும்பவேயில்லை. போர் முடிந்தபோது தோட்டங்களில் எஞ்சியவை விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் ஆறாத துயரமும். மன நோவுக்கு மருத்துவம் என்று அன்று எவரும் பேசவில்லை. கள்ளுக்கடை மட்டும் மீண்டும் திறந்தது.

இச்சூழலில் 1946இல் கெடா மாநிலம் பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் கட்டுப்பாட்டைக் கண்டு பழகியிருந்த தலைமுறை அது. இளைஞர்கள் அணிவகுத்தனர், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தனர். குடித்தவர்களைத் தண்டித்ததும் உண்டு. அக்கடுமையை நான் போற்ற மாட்டேன். குடிநோயாளிக்கு அடி மருந்தாகாது. ஆயினும் "நம் லயத்தை நாமே காப்போம்" என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. அதனை எந்த அதிகாரியும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை.

மறியல் தோட்ட முதலாளிகளுக்கு மதுவிலக்காகத் தெரியவில்லை, கலகமாகத் தெரிந்தது. 1947இன் முற்பகுதியில் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையோடு மோதல்கள் வெடித்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. சாமி சிறைப்பட்டார். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் தொழிலாளர் இயக்கங்கள் பெரிதும் ஒடுங்கின. கள் குறைந்த இடங்களில் பின்னாளில் சம்சு புகுந்து இன்னும் பெரிய கேட்டை விளைத்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழந்து குடும்பங்கள் தெருவில் நின்றன. அதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்தினர். அப்பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தொண்டர் படைக்குக் கிட்டாத காலமும் சட்டத்தின் துணையும் இம்முயற்சிக்குக் கிட்டின.

மலாக்காத் தோட்டங்களிலும் கள்ளுக்கடையை எதிர்த்த தாத்தா பாட்டிகளைப் பற்றி உங்கள் வீட்டில் பேச்சு இருந்தால், பிள்ளைகளைக் கொண்டு எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள். இந்தத் தவணையில் என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் இதையே பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன்.